ஜமுக்காளத்தில் சாக்குத் தையல்

தேனி பஜாரில் பழைய சாக்கு வாங்கி விற்ற ஏசுதாசனுக்கு, கோணூசி பிடிப்பதைத் தவிர வேறு கைவேலை எதுவும் தெரியாது. எலி கடித்த சாக்கோ, கொக்கி கிழித்த சாக்கோ, ஒட்டுத்துணியை இரண்டாக மடித்து வைத்துச் சணலால் இறுக்கி ஒரே தையல். உள்ளே போடும் ஏலக்காய் என்ன, எள்ளுகூட ஒழுகாது. பார்க்க அழகாயில்லையே என்றால், சாக்கையா பெண் பார்க்கப் போகிறார்கள் என்பார்.

அவர் மனைவி சாராளுக்கு 1973-ஆம் வருஷம் வாதத்தில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. அப்புறம் இரண்டு வருஷமாக உள்ளறைக் கட்டில்தான். பழனிசெட்டிபட்டியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் புதன்தோறும் நடக்கும் ஜெபக்கூட்டம் மட்டும் நிற்கவில்லை. ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்து பாடுவார்கள். சாராள் கட்டிலில் கிடந்தபடியே கூடப் பாடுவாள். அவளைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் ஏசுதாசனின் வைராக்கியம். தூக்கி வரலாம்தான். கைப்பிள்ளை மாதிரி நாலு பேர் பார்க்க வர மாட்டேன் என்றுவிட்டாள்.

சைக்கிள் கடையில் சொல்லி ஒரு நாற்காலிக்குச் சக்கரம் போட்டார். கூடத்துக்கு வரும் வாசலில் நிலைப்படி உயரமாக மறித்தது. அதை வெட்டச் சொன்னதும் கொத்தனார் சுருளியாண்டி உளியைக் கீழே வைத்துவிட்டார், நிலையில் கைவைத்தால் வீட்டுக்கு ஆகாதாம். பாவ புண்ணியம் என் தலையில் என்று ஏசுதாசனே முதல் அடி அடித்தார். கையோடு கூடத்துத் தரையையும் மேடு பள்ளம் இல்லாமல் சிமெண்டு பூச வைத்தார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது ஏசுதாசன் செய்த வேலையா? மடித்து மூலையில் வைத்திருந்த ஜமுக்காளத்தின் மேல் அவரே ஒரு சிமெண்டு மூட்டையைப் போட்டிருந்தார். மழை ஒழுகி மூட்டை கெட்டிப்பட்டுப்போனது. பெயர்த்து எடுத்தபோது, ஜமுக்காளத்தின் ஓரத்தில் முறம் அகலத்துக்குப் பிய்ந்து மூட்டையோடு வந்துவிட்டது.

மறுநாள் புதன். தைக்க ஆள் தேட நேரமில்லை. பழைய போர்வையை நாலாக மடித்து ஒட்டு வைத்து, சாக்குக்குத் தைப்பது போலவே இறுக்கித் தைத்தார். விரித்துப் பார்த்தால் ஒட்டு பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. யாரும் தடுக்கி விழாமலிருக்க அந்த ஓரத்தைச் சுவரை ஒட்டிப் போட்டார். கூட்டத்துக்கு வந்த பெண்கள், அண்ணன் நம்மையும் ஏலக்காய் என்று நினைத்துவிட்டார் போல என்று கேலி பேசினார்கள்.

சக்கர நாற்காலி எங்கும் தட்டாமல் கூடத்துக்கு வந்தது. சாராள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் தரையில். அந்தக் கூடத்தில் நாற்காலி என்றால் ஜெபம் நடத்த வரும் சபை ஐயருக்கு மட்டும்தான். அவள் முகம் சுண்டிப்போனது. திரும்பவும் உள்ளே போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று ஏசுதாசன் பயந்தார். வீட்டையே இடித்தோமே, இது புத்தியில் உறைக்கவில்லையே என்று நொந்துகொண்டார்.

"எல்லாரும் கீழ உக்காந்திருக்காக. என்னையும் கீழ இறக்குங்க" என்றாள்.

"இத்தன பேரு முன்னாலயா?"

"பாத்தாப் பாத்துட்டுப் போறாக."

தூக்கினார். அவள் சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும். சுவரோரத்தில் அந்த ஒட்டுத்தான் இருந்தது. அவளை இறக்கப் பாதி குனிந்தவர், உறுத்துமே என்று தயங்கினார். அவள் கையை நீட்டி அமுக்கிப் பார்த்தாள்.

"மெத்துனுதான் இருக்கு. உக்கார வைங்க."

பாட்டு ஆரம்பித்தது. இரண்டு வருஷப் பழக்கத்தில் ஏசுதாசன் உள்ளறையைப் பார்த்துத் திரும்பி நின்றே பாடினார். கீழேயிருந்து யாரோ அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள்.

"இங்கன இருக்கேன்" என்றாள் சாராள்.