நாத்தனாரும் நானும் நிறை பார்த்த கதை

என் நாத்தனார் கொழுந்து பறிக்கும் மலையில் மயங்கி விழுந்தாள் என்று ஆள் வந்து சொன்னபோது, நான் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அவள் என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தொழிலாளர் லயத்தில் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருக்கிறாள். வெயில் பட்டிருக்கும், விரதமாக இருந்திருப்பாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுநாள் காலை அவளை பஸ் ஏற்றி பசறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி அவளை நிறை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். முப்பத்தேழு கிலோ. சுவரோடு நிறுத்தி உயரமும் பார்த்தார். நூற்று ஐம்பத்திரண்டு சென்ரிமீற்றர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கூட வந்த நீங்களும் ஏறுங்க டீச்சர்."

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அறுபத்தெட்டு கிலோ, உயரம் நூற்றைம்பது. வரிசையில் நின்றவர்கள் முன்னால் அந்த எண்ணை அவர் சத்தமாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

உயரத்தை மீற்றரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, வருகிற விடையால் கிலோவை வகுக்க வேண்டும். அதுதான் உடற்திணிவுச் சுட்டி, பி.எம்.ஐ. என்றார் மிஸ்ஸி. கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? அவர் எழுதித் தந்த துண்டின் பின்புறத்தில் நானே போட்டேன். எனக்கு முப்பதும் கொஞ்சமும் வந்தது. அவளுக்குப் பதினாறு. சுவரில் இருந்த அட்டையில் பச்சை நிறம் பதினெட்டரையில் தொடங்கியது. இருபத்தைந்துக்கு மேல் கூடாது, நம்மைப் போன்றவர்களுக்கு இருபத்துமூன்றைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்றார். அந்த எண் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்று இடுப்பையும் அளந்தார், இரத்தமும் எடுத்தார். அவளுக்கு இரத்தம் குறைவு. எனக்கு இரத்தத்தில் சீனி, வியாதிக்கு எல்லையில் நின்றது.

பஸ்ஸில் வரும்போது அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் என்னைப் போல் இருந்தால் நல்லா தேறிட்டாங்க என்பார்கள். அவளைப் போல் இருந்தால் சுறுசுறுப்பான உடம்பு என்பார்கள். இரண்டையும் நாங்கள் பெருமையாகவே நினைத்திருந்தோம்.

அடுத்த வாரம் முதல் ஆட்டோவில் போவதை விட்டேன். விடிந்ததும் அவளோடு இறங்கி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம் வரை நடந்து, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறினேன். வெறும் தேத்தண்ணியோடு வேலைக்குப் போகும் அவளுக்குத் தினமும் ஓர் அவித்த முட்டையும் கொஞ்சம் கடலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பங்குக்கு என் வீட்டுச் சீனி டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னேரம் எத்தனை பிஸ்கட் தின்றேன் என்றும் விசாரிப்பாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். நான் இரண்டு கிலோ குறைந்திருந்தேன். அவள் அதே முப்பத்தேழு. எனக்குக் கோபம் வந்தது. அன்று அவள் வீட்டில் உட்கார மெத்தையை நகர்த்தியபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறதாம். முட்டை எங்கே போகிறது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் தின்னா புள்ளைங்களுக்கு இல்லாம போயிரும் அண்ணி. அதுங்க பாத்துக்கிட்டு இருக்கையில எனக்கு எப்புடி எறங்கும்?"

தினமும் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் புருசன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சோற்றுப் பானையில் கடைசியாக மிஞ்சுவதைத்தான் அவள் சாப்பிடுகிறாள் என்பது அவனுக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் காலை நான் போனபோது, அவன் ரொட்டி சுட்டு முதல் ரொட்டியை அவள் தட்டில் வைத்திருந்தான். முட்டையை எல்லாருக்கும் சேர்த்து அவித்திருந்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று மிஸ்ஸி சொல்ல, வயிறும் ஒத்துக்கொண்டது.

மழைக்காலம் வந்தது. குடை பிடித்து நடந்தோம். என் சேலை ஜாக்கெட்டுகள் தொளதொளவென்று ஆனதும், டீச்சருக்கு ஏதாவது நோய் வருத்தமா என்று என் கணவரிடம் பலர் இரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டு, காலையில் இந்த ஏற்றத்தில் டீச்சரோடு நடந்து பாருங்கள் என்றாராம்.

ஒன்றரை வருசம் கழிந்தது. அன்று அவள் முதலில் ஏறினாள். நாற்பத்துமூன்று. நான் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைத் தடுத்து, தன் போனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இரண்டு தரம் பிழையாகி மூன்றாம் தரம் விடை வந்தது. பதினெட்டு தசம் ஆறு.

"பச்சையில நிக்கிறேன் அண்ணி" என்றாள்.

மிஸ்ஸி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஐம்பத்தேழு கிலோவுக்கு வந்திருந்தேன். கணக்கில் இருபத்தைந்தும் சொச்சமும். பச்சைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. ஆனால் சீனி இறங்கிவிட்டது, முழங்கால் வலியும் போய்விட்டது. அன்று எனக்கு அதுவே தலைகால் தெரியாத சந்தோசம்.

அதற்கடுத்த கிளினிக் நாளில் அவள் தன் லயத்துப் பெண்கள் பதினொரு பேரைத் திரட்டி வேனில் ஏற்றிக் கொண்டுவந்தாள். உள்ளே நுழைந்ததும் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். மிஸ்ஸி எழுத எழுத, பெருக்கி வகுத்து விடை சொன்னது அவள்தான். நான் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.