முருகன் வழிவிட்ட இடம்

சஷ்டியன்று காலை விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மகன் வந்து பூஜையறை வாசலில் நின்றான். "செங்கோடன் மாமா போயிட்டாரும்மா. நெஞ்சு வலியாம்." தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டேன்.

ராசிபுரம் சாலையில் செங்கோடண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி விட்டவர்களுக்கு அவர் வாய் தெரியும். மனசு தெரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

புதுக்கார் வாங்கியதும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பித்தளை முருகன் வாங்கி, என் இருக்கைக்கு நேரே டேஷ்போர்டில் ஒட்டவைத்தேன். வண்டியைப் பார்க்க வந்த அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு சொன்னார்: "அம்மிணி, இந்த மூடிக்குக் கீழதானுங்க ஏர்பேக் இருக்குது. வண்டி மோதி அது விரிஞ்சா முருகன் மயிலோட பறந்து வந்து உங்க மூஞ்சியிலதான் எறங்குவாரு."

"சாமியக் கேலி பண்ணாதீங்கண்ணா."

"கேலி இல்லீங்க. வேலு நெசமாலுமே கூரா இருக்குது."

கோபத்தில் கார்க் கதவை அறைந்து சாத்தினேன். அவர் சிலையைத் தொடவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னார்: "காப்பாத்தறதுக்குன்னு சாமி குடுத்த பைதானுங்க அது. அதோட வாசல்லயே சாமிய உக்கார வெச்சா எப்படிங்க வெளிய வரும்?" இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து, நானே முருகனைப் பெயர்த்தெடுத்துப் பூஜையறைக்குக் கொண்டுபோனேன்.

இன்னொரு நாள், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பார்த்த அண்ணன் வண்டியை மறித்தே நின்றுவிட்டார். "நீங்க புள்ளையக் காப்பாத்தலீங்க அம்மிணி. புள்ளைய உங்களுக்கு மெத்தையா வெச்சிருக்கீங்க." அவ்வளவு கடுமையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. அழுகை வந்தது. மறுவாரமே அவரே வந்து பின் இருக்கையில் குழந்தை நாற்காலியைப் பொருத்தி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "பெல்ட்டு ஆளப் புடிச்சு நிறுத்தோணும், அப்பறம் பை தாங்கோணும். பெல்ட்டு போடாம போயி விழுந்தா அந்தப் பையே அடிச்சுப்போடும்" என்பார்.

தம்மம்பட்டிக் கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்று, புதுச்சத்திரம் தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மகன் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பெரிய சத்தம். முகத்துக்கு முன் வெள்ளையாக ஏதோ விரிந்து, அடுத்த மூச்சிலேயே சுருங்கியது. தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் பதிந்து எரிந்தது. பின்னால் பேத்தி வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அவள் மேல் ஒரு கீறல் இல்லை. முருகன் இருந்த மூடி பிளந்து கிடந்தது.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, 'நான் அப்பவே சொன்னேன்' என்று அண்ணன் சொல்லவில்லை. "பாப்பா சாப்பிட்டுதுங்களா?" என்று கேட்டார். பிறகு, "பை மட்டுமில்லீங்க, பெல்ட்டையும் மாத்தோணும். ஒருக்கா உசுரத் தாங்குனத மறுக்கா நம்பக் கூடாது" என்றார்.

சஷ்டியன்று, அவர் உடலை எடுக்க நேரமாகிவிட்டது என்று எல்லோரும் அவசரமாகக் காரில் ஏறினோம். பின்னால் உட்கார்ந்த என் நாத்தனார் பெல்ட்டைத் தொடவில்லை. "எழவுக்குப் போறப்பக் கூடவா அண்ணி?"

"செங்கோடண்ணன் ஊட்டுக்குப் போறோம். போடு" என்றேன்.

நான்கு பெல்ட்டும் மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் 'முருகா' என்றேன். மகன் வண்டியை எடுத்தான். முதலில் பெல்ட், பிறகு சாமி: அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த வரிசைதான்.