பூக்கேட்டு வாங்கிய துப்பாக்கிக் கண்ணாடி

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார். பால் அளக்க வந்தால் படியைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்ப்பார். பூசாரி திருநீறு கொடுத்தால் முகர்ந்துவிட்டுத்தான் பூசுவார். அப்படிப்பட்டவரை நம்பி சர்க்கார் ரைபிளுக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் கரும்பு போட்டவர்களுக்கெல்லாம் பன்றித் தொல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அந்தப் பெருமையை நான் இன்னும் விட்டபாடில்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். பன்றிக்குக் காவல் இருந்த அப்பாவுக்குக் கரும்புக் காட்டுக்குச் சோறு கொண்டுபோன அம்மா, புடவையெல்லாம் குழம்பாகத் திரும்பி வந்தாள். சோறு கொண்டுபோன தூக்குப்போசியில் இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை. கேட்டதற்கு, "ஆணி குத்திடுச்சு சாமி" என்றாள். ஒரே ஆணி இரண்டு பக்கமும் எப்படிக் குத்தும்? அப்பாவின் மகளல்லவா, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படியைத் தட்டிப் பார்க்கிற அப்பாவோ அந்தப் போசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் கண்ணாடிப் பேச்சு வந்தது. எடுத்தவர் அப்பாதான். துப்பாக்கி மேல் மாட்டிப் பார்த்தால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியுமே, அந்தக் குழல். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சேலத்துக் கடையில் விசாரித்து வந்தார். கையில் இருந்தது வெல்லம் விற்ற காசு கொஞ்சம்தான். பெரிய கண்ணாடி வாங்கினால், அதைத் துப்பாக்கியோடு இறுக்குகிற இரும்புப் பிடிக்கு மிஞ்சாது. நல்ல பிடி வாங்கினால் சின்னக் கண்ணாடிதான் கட்டுப்படியாகும்.

"சின்னதே போதும் மச்சான். பிடிதான் நல்லதா இருக்கோணும்" என்றார் மாமா.

"நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டறவன் பிடியை அடிச்சுக் குடுத்துட்டுப் போறான். துண்டு இரும்புக்கு எதுக்கு மாப்ள இத்தனை காசு? கடைக்காரன் உனக்கு என்ன தர்றான்?"

"அந்தப் பிடி நாலு வெடி வெடிச்சா ஆடிப்போயிருமுங்க. அப்புறம் கண்ணு ஒரு பக்கம் பார்க்கும், குண்டு ஒரு பக்கம் போகும்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஏனுங்க, சாமிகிட்டப் பூக்கேட்டுரலாமுங்க" என்றாள்.

எங்கள் பக்கம் முடிவுக்கு வராத காரியத்துக்கெல்லாம் அதுதான் வழி. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்து மாரியம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மாமா சொன்னபடி, சிவப்பு வந்தால் அப்பா சொன்னபடி.

பூப்பறிக்க அம்மாவோடு நான்தான் போனேன். வெள்ளையை மட்டும் பறித்தாள்.

"சிவப்பு?" என்றேன்.

"நீ வாயை மூடிட்டு வா கண்ணு."

இரண்டு பொட்டலத்தையும் அவளே மடித்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அக்காளும் தம்பியும் சேர்ந்து அப்பாவை ஏமாற்றுகிறார்கள். மாமா அடிக்கிற கமிஷனில் அம்மாவுக்கும் பங்கு.

கோயிலில் பொட்டலம் எடுக்க என்னைத்தான் விட்டார்கள். எதை எடுத்தால் என்ன என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை. மாமா கும்பிட்டார். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. நான் அப்பாவையே பார்த்தேன். ஆத்தாள் வாக்கானாலும் சரி, மிச்சப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் அவர் நகர்ந்ததே கிடையாது. அன்றைக்கும் குனிந்து எடுத்தார். தொலைந்தார்கள் என்று நினைத்தேன்.

அப்பா அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டார். "சரி மாப்ள, சேலத்துக்குக் கிளம்பு. நல்ல பிடியாவே பாரு" என்றார்.

சின்னக் கண்ணாடி வந்தது. பிடி கடைசிவரை அசையவில்லை. ஆனால் அதிலிருந்து அப்பாவுக்கு ஒரு புது வழக்கம் வந்து சேர்ந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏ புள்ள, எங்க இருக்கறே?" என்பார்.

"ஊட்டுக்குள்ளதானுங்க இருக்கறேன்."

அதோடு போகமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வரை வந்து, அம்மாவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காட்டுக்குப் போவார்.

வீட்டுக்குள் இருக்கிறேன் என்று பெண்டாட்டி சொல்வதைக்கூட நம்பாத மனுஷன் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.