ஜாகா என்ற சொல்லும் ஒரு குடையும்

1936 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, மாலை மூன்று மணி பத்து நிமிடம். மலாயாவின் மூவாரில் விடாத தூறல். ஆறு படித்துறையின் நான்காம் படிவரை ஏறியிருந்தது.

ரப்பர் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்து பதினாறாம் நாள். ரப்பரைப் பெட்டியில் அடைக்காமல் அப்படியே கட்டாக்கி அடுக்கும் வழக்கம் அங்கே புதிது. ஒரு கட்டு இருநூற்றைம்பது ராத்தல். ஏழு வரிசை உயரம். புழுக்கத்தில் அடிக்கட்டுகள் நசுங்கி, அடுக்கு சுவர்ப்பக்கம் சாய்ந்திருப்பது வந்த நாள் முதல் என் கண்ணை உறுத்தியது. என் மேசையோ அந்தச் சுவரை ஒட்டித்தான்.

பக்கத்து அடுக்கின் மேலிருந்து ஒருவர் "ஜாகா! ஜாகா!" என்று கத்தினார். வாசலில் காவல் இருந்த சீக்கியரை எல்லோரும் ஜாகா என்றே அழைப்பார்கள். காலையில் அவர் குடையை இரவல் வாங்கியிருந்தேன். அதைக் கேட்டு அவர் கூப்பிடுவதாகச் சொல்கிறார்கள் போலும் என்று எழுந்து, தூணில் சாத்தியிருந்த குடையை எடுக்க நடந்தேன். மூன்று எட்டுதான் வைத்திருப்பேன்.

பின்னால் அடுக்கு சரிந்தது. அரிசி மூட்டை விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். ரப்பர் அப்படியல்ல. முதல் கட்டு என் மேசையைச் சிதறடித்து, உயிருள்ளதுபோல் எம்பி, என் இடுப்பை ஒட்டிப் பறந்தது. அந்தக் காற்றில் வேட்டி விலகியது. குடைமேல் விழுந்து, மறுபடி துள்ளி, மழைக்குள் போய் நின்றது. அவ்வளவு கனமான பொருள் அவ்வளவு லேசாகப் பறந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கத்திய சுமைக்காரர் இறங்கி ஓடிவந்தார். "கிராணி ஐயா, தொண்ட கிழியக் கத்துறேன், நீங்க பாட்டுக்கு உலாத்தப் போறீங்க!"

"ஜாகா கூப்பிடறாருன்னு நெனச்சேங்க."

"அலமாக்! மலாய்ல ஜாகான்னா பாத்துக்கன்னு அர்த்தம் லா! நாங்கன்னா உடனே சுவரோட ஒட்டிக்குவோம்."

சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தவரின் சிரிப்பு நின்றது. மேசை இருந்த இடத்தை ஒட்டி, சுவரடியில் ஐந்து கட்டுகள் குவிந்து கிடந்தன. அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் நான் அவற்றின் அடியில் இருந்திருப்பேன். சுமைக்காரர் என் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காவலர் வந்து கம்பிகள் வளைந்த குடையைத் தூக்கினார். "குடை மாத்தி" என்றார், தலையை ஆட்டியபடி. மாற்றித் தரச் சொல்வது நியாயம்தானே என்று மறுநாளே கடைத்தெருவில் புதுக்குடை வாங்கி அவரிடம் நீட்டினேன். அவர் விழித்தார், பிறகு இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மலாயில் 'மாத்தி' என்றால் செத்துப்போயிற்று என்று பொருளாம். மனிதர் வேறு குடை கேட்கவே இல்லை. குடைக்குத் துக்கம்தான் சொல்லியிருக்கிறார். அதை நான் அறிந்தது அடுத்த வாரம். அடுக்கி வைத்த எதன் அருகிலும் நான் இன்றுவரை நிற்பதில்லை. மளிகைக் கடையில்கூட வெளியே நின்றுதான் சாமான் கேட்கிறேன். ஆனால் அன்று தப்பிய என் உயிருக்காக நான் கொடுத்தது மொத்தம் ஒரு புதுக்குடையின் விலை, ஒரு வெள்ளி இருபது காசு.