தாய்மாமன் இல்லாத நாயகன்

நான் வரையும் சித்திரக்கதை நாயகனின் அம்மா வெள்ளிமலைக்காரி, அப்பா வேற்றுக் கிரகத்துக்காரர். அவன் உள்ளங்கையிலிருந்து மின்சாரம் பாயும். எப்போது பாயும், எப்போது நின்றுபோகும் என்று அவனுக்கே தெரியாது. அச்சுக்குப் போகும் முன் அதை நைனார்பாளையத்தில் இருக்கும் என் கூடப்பிறந்த அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மக்காச்சோளத்தைக் காயவைத்துக்கொண்டே புரட்டினாள். "அம்மா நம்ம பக்கந்தான? அப்ப தாய்மாமன் எங்கடா?"

"கதையில மாமன் இல்லக்கா."

"அப்ப யார் மடில ஒக்காந்து காது குத்திக்கினான்?"

"அவன் பாதி வேற்றுக் கிரகவாசிக்கா! அவனுக்கு எதுக்குக் காதுகுத்து?"

"மீதிப் பாதி நம்மாளுதான? மாமன் மடில ஒக்காரல. அதான் பவரு நெலையா நிக்கல."

கதிர்வீச்சு, அணுக்கரு என்று பத்து நிமிடம் கத்தினேன். அவள் சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா வேணா சொல்லு. காதுகுத்துக்கு வராதவன் இன்னா மாமன்?"

அக்கா தன் மகளை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய அன்று, நான் என் அறையில் இந்த நாயகனின் முதல் பக்கத்தை வரைந்துகொண்டிருந்தேன்.