முப்பதாம் நோன்பை நம்பி

அப்போது நான் அஜ்மானில் துணிக்கடை வைத்திருந்தேன். தங்கை காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பாரிசுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருந்தாள். அவள் போன புதிதில் அங்கே நான்கைந்து முஸ்லிம் குடும்பங்கள்தாம். யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் பெருநாள் தொழுகை நடக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆள் பெருகி, கார் கொட்டகையில் பாய் விரித்தார்கள். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். கடைசியில் அவள் கணவர், என் மச்சான், நகராட்சிக்கு நடையாய் நடந்து, விளையாட்டு அரங்கை ஒரு காலைப்பொழுதுக்கு வாங்கிவிட்டார்.

நகராட்சியில் தேதி கேட்டார்களாம். வளைகுடாவில் காணும் பிறையைத்தான் அவர்களும் ஏற்பார்கள் என்பதால் என்னைக் கேட்டார் மச்சான். நானும் கடைக் காலண்டரைப் பார்த்து, "முப்பது நோன்புதான், எழுதிக் குடுங்க" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டேன். நோன்பு இருபத்தொன்பதிலும் முடியலாம், பிறை காணாமல் பெருநாள் சொல்லக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு வாய்க்கொழுப்பு.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து கை துடைப்பதற்குள் டி.வி.யில் அறிவித்துவிட்டார்கள், பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள். கடையில் எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். அரங்கு கிடைத்திருந்தது நாளை மறுநாளுக்கு.

தங்கைக்குப் போன் போட்டேன். அவளுக்கு நான் எப்போதும் 'நானா', அண்ணன்.

"என்ன நானா சொல்றீங்க? மறுபடியும் கொட்டகையா?" அழுதேவிட்டாள்.

அங்கே இன்னும் பிற்பகல்தான். "அழுவாதே புள்ள. ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள மச்சானை ஓடச் சொல்லு."

அதன்பிறகு ஒரு மணி நேரம் சட்டை கேட்டவருக்கு லுங்கி கொடுத்தேன். "க்யா ஹுவா பாய்?" என்ன ஆச்சு என்று அவர் என் தோளைத் தொட்டு இந்தியில் கேட்டார்.

போன் அடித்தது. "கிடைச்சிடுச்சு நானா!" நாளைக் காலை அந்த அரங்கு முதியோர் நடனக் குழுவுக்கு உரியது. அலுவலகப் பெண் அந்தக் குழுத் தலைவியிடம் பேசியிருக்கிறாள். "வானத்தைப் பாத்துத்தான் நாள் தெரியுமான்னு கேட்டுட்டு, நாங்க மத்தியானம் ஆடிக்கறோம்னுட்டாங்க அந்தம்மா."

அல்ஹம்துலில்லாஹ் என்று துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது.

"இன்னொண்ணு நானா. அடுத்த வருசத்துலேர்ந்து ரெண்டு நாளைக்கும் சேத்து எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

அடுத்த வருடமும் இவர்கள் இங்கேதான் இருப்பார்கள் என்று ஒரு நகராட்சி நினைத்திருக்கிறது. மூன்று வருடத்துக்கொரு முறை விசா புதுப்பிக்கும் நான் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.