கோபப்படாத தலைவருக்கு ஒரு வகுப்பு

“கோவத்தை அடக்கிற வகுப்பாம். நான் வரேல்லை, எங்கட மனுசனை அனுப்பிவிடுறன்.”

வோபர்ன் சமூக நிலையத்தின் அறிவித்தல் பலகைக்கு முன்னால் ஒரு அன்ரி தன் தோழியிடம் இப்படிச் சொன்னபோது, நான் கையில் கோப்பியுடன் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அது கோபத்தை அடக்கும் வகுப்பு அல்ல. நான்கு நூற்றாண்டுக்கு முந்திய ஐரோப்பாவில், மதச் சண்டைகளுக்கு நடுவே, அரசன் எப்படி ஆளவேண்டும் என்று எழுதியவர்கள் உணர்ச்சியை அடக்கி ஆளச் சொல்லும் பழைய ஸ்டோயிக் தத்துவத்தை ஏன் தூசுதட்டி எடுத்தார்கள் என்பதைப் பற்றி நான் எடுக்கப்போகும் வகுப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால் திருத்தப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தன்னை ஆளத் தெரியாதவன் நாட்டை ஆளக்கூடாது என்பதைத்தான் அவர்களும் எழுதினார்கள்.

அரசியல் சிந்தனையில் முதுகலை முடித்துவிட்டு ஓய்வுபெற்றவர்களுக்குப் பகல் வகுப்பு எடுக்கும் என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் மாணவர்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வருவது பிரச்சினை அல்ல, செய்துவிட்டு வருவதுதான்.

தெரிவு

முதல் நாள் எட்டுப்பேர் வந்தார்கள். நான் வெண்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரையும் தெரிவுசெய்து கைதட்டியும் முடித்துவிட்டார்கள். தமிழர் நாலுபேர் கூடினால் ஒரு சங்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வகுப்பு இலவசம், காசு என்ற பேச்சே இல்லை, பிறகு பொருளாளர் எதற்கு என்று மெல்லக் கேட்டேன். பொருளாளராகத் தெரிவாகியிருந்த யோகம் அன்ரி, ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், அனுபவப்பட்டவராகப் பெருமூச்சு விட்டார்.

“காசு இல்லாட்டியும் பொருளாளர் வேணும், பிள்ளை. இல்லாட்டி ஆரைக் குறை சொல்லுறது?”

அவசரம்

தலைவராகத் தெரிவானவர் பரராசா அங்கிள். வெளியிலும் அவர் தலைவர்தான், தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு. அந்தச் சங்கத்தின் செயலாளர் குணம், அவருடன் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர். போன வருட விருந்தில் சாப்பாடு பரிமாறத் தொடங்கிய பிறகுதான் பரராசா அங்கிள் குணத்தைப் பேசக் கூப்பிட்டாராம். கரண்டிச் சத்தத்தில் அவர் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. அன்று தொடக்கம் இருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பாதிச் சங்கம் குணத்தின் பக்கம்.

ஊரைவிட்டு இங்கே வந்த எங்கள் ஆட்களிடையே ஒரு சங்கம் எப்படி இரண்டாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொதுக்கூட்டத்தில் தலைவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். அவருக்குப் பின்னால் கொஞ்சப்பேர் போவார்கள். அடுத்த கிழமை அதே பெயரில் இன்னொரு சங்கம் இருக்கும். வகுப்பு முடிந்ததும் பரராசா அங்கிள் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கோவம் வந்தா நான் எழும்பிப் போயிடுவன். சங்கம் உடைஞ்சா என்னாலதான் உடையும். வாற மாசம் கூட்டம், பிள்ளை. அதுக்கிடையில உந்தப் பாடம் முடியுமோ?”

ஓட்டம்

உள்நாட்டுப் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடப் பார்ப்பவனுக்கு அந்தக் காலத்துச் சிந்தனையாளர்கள் சொன்ன புத்தி ஒன்று உண்டு. துன்பம் ஊரில் இல்லை, உன் மனத்தில் இருக்கிறது. எங்கே ஓடினாலும் அது கூட வரும். ஆகவே ஊரை மாற்றாதே, மனத்தை மாற்று. இதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டு போய், பாதி வழியில்தான் எனக்கு முன்னால் இருப்பவர்கள் யார் என்று நிமிர்ந்து பார்த்தேன். போருக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள்தான் அநேகம்பேர்.

யோகம் அன்ரிதான் என்னைக் காப்பாற்றினார்.

“மனசைப் பிறகு ஆறுதலா மாத்தலாம், பிள்ளை. பொம்பர் குண்டு போட வரேக்கை முதல் பங்கருக்குள்ள இறங்கவேணும்.”

மறைப்பு

நாட்டு நன்மைக்காக அரசன் உண்மையைக் கொஞ்சம் மறைக்கலாமா? அந்தக் காலத்துச் சிந்தனையாளர்கள் இதற்கு நிறையப் பக்கங்கள் செலவழித்தார்கள். அப்பட்டமான பொய் கூடாது, ஆனால் சொல்லாமல் விடலாம், பிந்திச் சொல்லலாம், சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று அளந்து அளந்து அனுமதித்தார்கள். நானும் அதே அளவில் விளக்கினேன்.

எங்கள் வகுப்பின் ஒரே தமிழ்நாட்டுக்காரர் சுந்தரம் சார். மகனோடு இருக்க வந்தவர். மகனின் குளிர் ஜாக்கெட்டை அறைக்குள்ளும் கழற்றமாட்டார். அன்று அதற்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து உயர்த்தினார்.

“நான் கவர்மென்ட் ஆபீஸ்லயே ரிட்டயர் ஆனவன்மா. ‘பரிசீலனையில இருக்கு’ன்னு சொல்றதுக்கா இவ்ளோ பெரிய தத்துவம்?”

வீட்டுப்பாடம்

பரராசா அங்கிளுக்கு உதவட்டும் என்று ஸ்டோயிக்குகளின் பழைய பயிற்சி ஒன்றைக் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் அன்று நடக்கக்கூடிய மோசமான காரியங்களை மனத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது. முன்கூட்டியே பார்த்துவிட்டால் உண்மையில் நடக்கும்போது அதிர்ச்சி குறையும்.

அடுத்த வகுப்புக்கு அவர் முகம் சிவக்க வந்தார். கதிரையை இழுத்த வேகத்தில் சுந்தரம் சார் திடுக்கிட்டுப்போனார். என்ன அங்கிள், பயிற்சி செய்யவில்லையா என்று கேட்டேன்.

“ஒவ்வொரு நாளும் செய்தனான். கூட்டத்தில குணம் என்னென்ன சொல்லுவான் எண்டு ஒண்டும் விடாமல் யோசிச்சுப் பாத்தன். எண்டாலும் பிள்ளை, உவன் என்னைப் பாத்து அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது!”

பொதுக்கூட்டம்

மோர்னிங்சைட் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் கூட்டம். அங்கத்தவர் அல்லாதவர்களும் பார்க்கலாம் என்றதும் எங்கள் வகுப்பு முழுவதும் போனது. யோகம் அன்ரி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். வெளியே உறைமழை, விழுந்த இடமெல்லாம் ஐஸாகிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் நானும் அவரும் யன்னலோரமாக ஒதுங்கி இருந்தோம்.

செயலாளர் அறிக்கை வாசிக்க எழுந்த குணம் அங்கிள் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“கெதியாச் சொல்லி முடிக்கிறன். சாப்பிட ரோல்ஸ் வந்தாப் பிறகுதானே எங்கட தலைவர் என்னைப் பேச விடுறவர், இண்டைக்கு முந்தியே விட்டிட்டார்.”

மண்டபம் சிரித்தது. அவருக்கு அது போதவில்லை.

“பள்ளிக்கூடத்திலயும் உவன் இப்பிடித்தான். மொனிற்றர் ஆக்கினா மற்றவன்ர வாயைப் பொத்துவான்.”

மேடையில் பரராசா அங்கிளின் காது சிவந்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு எழுந்தார். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு நடுவழியே நடந்து கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“போச்சு,” என்றார் யோகம் அன்ரி.

முன்வரிசையில் சிலர் உடனே ஜாக்கெட் போடத் தொடங்கினார்கள். “புதுச் சங்கத்துக்கு ஆர் செயலாளர்?” என்று யாரோ கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குணம் அங்கிள் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

யன்னலுக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், பரராசா அங்கிள் தன் கார்க் கண்ணாடியில் கட்டியிருந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பலமாக, ஆத்திரமாகச் சுரண்டினார். முன்கண்ணாடி முடிந்தது, பக்கக் கண்ணாடிகள் முடிந்தன. காருக்குள் ஏறவில்லை. கொஞ்ச நேரம் சுரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற நீல வான் வண்டியின் வைப்பரைத் தூக்கிவிட்டு, அதன் முன்கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினார்.

“அது குணத்தின்ர வான் அல்லோ!” என்றார் யோகம் அன்ரி.

ஜாக்கெட் போட்டவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். குணம் அங்கிள் மேடையிலிருந்து இறங்கி யன்னலுக்கு வந்து, அதைத் திறந்தார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

“டேய் பரா, கண்ணாடியைக் கீறிப்போடாதை!”

அது மண்டபம் முழுவதும் ஒலித்தது. பரராசா அங்கிள் நிமிர்ந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு வானைச் சுற்றிக்கொண்டு பின்கண்ணாடிக்குப் போனார்.